கிணற்று விளக்கும் இரும்புக் குப்பியும்

என் அருமை மச்சான்,

நீ இருந்திருந்தால் ஒரு திட்டு திட்டி என் குழப்பத்தைத் தீர்த்து வைத்திருப்பாய். இப்போது என்னைத் திட்டக்கூட ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பெண்டாட்டி, என் தங்கை அஞ்சலை, பட்டணத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உன்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தோமே, அதே இடம். நெஞ்சில் சளி கட்டி, உதடு நீலம் பூத்துப்போனது. பாகூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் அவளைப் பார்த்ததும், மூச்சுக்கு வைக்கிற காற்று அடைத்த இரும்புக் குப்பியைக் கொண்டுவரச் சொன்னார். உனக்கும் அதைத்தானே வைத்தார்கள்?

கரிக்கலாம்பாக்கத்துக் கரும்புக் கொல்லைக் கிணற்றை மறப்பேனா? தூர் எடுக்க இறங்குமுன், நாம் எப்போதும் செய்வதைப்போல் கூடையில் விளக்கை வைத்துக் கயிற்றில் இறக்கினோம். அடிவரை போய், எரிந்தபடியே மேலே வந்தது. நீயும் சிரித்துக்கொண்டே இறங்கினாய். மண்வெட்டியால் சேற்றைக் கிளறினாய், குமிழி குமிழியாகக் கிளம்பியது. நீ கூப்பிடுவாய் என்று காத்திருந்துவிட்டு நான் கயிற்றை இழுத்தபோது, நினைவில்லாமல்தான் மேலே வந்தாய்.

ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் என் அம்மா அகல் ஏற்றி வைத்திருந்தாள். குப்பியைத் திறக்குமுன் கன்னியாஸ்திரீ அம்மா அதை வாயால் ஊதி அணைத்தார். வாயால், மச்சான்! கொஞ்ச நேரத்தில் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து உன் மாமியாருக்கு ஒரே பேச்சு: "வெளக்க ஊதனாளுங்க, புள்ள உசுரும் போயிடுச்சி."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்குத் தெரிந்த பாடமும் அதுதானே? விளக்கு எரிகிற இடத்தில் மனிதன் பிழைப்பான், அணைந்த இடத்தில் பிழைக்க மாட்டான்.

இந்த முறையும் அம்மா வில்லியனூர் கோயிலில் ஏற்றிய விளக்கிலிருந்து சுடர் எடுத்து, வழியெல்லாம் முந்தானையால் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் அதைப் பார்த்ததும், "அத வெளிய எடுங்க, இல்லன்னா நான் குப்பியத் தொறக்க மாட்டேன்" என்றார். அம்மா விளக்கைக் கட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றாள்.

"இன்னா சார் இது?" என்று நான் எகிறிவிட்டேன். "கெணத்துல வெளக்கு அணைஞ்சா உசுரு போவும்னு நாங்க பாத்துருக்கோம். நீங்க அணைக்கச் சொல்றீங்களே?"

அவர் தமிழர்தான், கோபப்படாமல் நம் பேச்சிலேயே சொன்னார். "நாம இழுக்கற காத்துல அஞ்சுல ஒரு பங்குதான்யா தீயும் உசுரும் திங்கறது. இந்தக் குப்பியில முச்சூடும் அதான் அடைச்சிருக்கு. ஒரு பொறி பட்டா படுக்கையே பத்திக்கும். ஒங்க கெணத்துல கெடந்தது வேற காத்து. அது கனம். சேத்தைக் கிளறினா கெளம்பி, தண்ணி மாதிரி பள்ளத்துலயே தேங்கும்."

அப்படியானால் அன்று நம் விளக்கு பொய் சொல்லவில்லை, கிளறுவதற்கு முன்னால் உள்ளதைச் சொன்னது. அப்படித்தானே? உனக்குப் புரிகிறதா? எனக்குப் பாதி புரிந்தது, பாதி கைநழுவிப் போனது.

குப்பிக்கும் அஞ்சலைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சீசாவில் தண்ணீர் வைத்திருந்தார்கள். காற்று அதற்குள் புகுந்து ஈரமாகி வர வேண்டுமாம். அதில் குமிழி விடும் என்று கேட்டதும் அம்மா அலறினாள்: "அதே கொமிழிடா! என் மருமவன முழுங்கின கொமிழி!"

"தண்ணிக்குள்ள போனா எல்லாக் காத்தும் கொமிழிதாம்மா" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா. வெளக்கா, குப்பியா?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதிலை நான் யாரிடம் கேட்பேன், மச்சான்? அஞ்சலையின் விலா எலும்பு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் அம்மா கையிலிருந்து விளக்கை வாங்கினேன். அணைக்கவில்லை. அப்படியே ஏந்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, அவள் சன்னலுக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். உச்சி வெயில். துண்டால் சுடரை மறைத்துக்கொண்டு நின்றேன். போகிறவன் வருகிறவனெல்லாம் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பார்க்கட்டுமே.

எண்ணெய் தீரப்போனபோது வாட்ச்மேனிடம் கெஞ்சி வாங்கி ஊற்றினேன். வெயில் சாய்ந்தபோது, சன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. பாதி மூச்சுதான், ஆனால் அவள் குரல்தான்.

"இன்னாண்ணே, பட்டப்பகல்ல வெளக்குப் புடிச்சிக்கினு நிக்கிற? புத்தி கெட்டுப்போச்சா?"

அழுதுவிட்டேன், மச்சான். சொல்ல வெட்கமில்லை.

குப்பிதான் காப்பாற்றியது என்கிறார் டாக்டர். நான் ஏந்தி நின்ற விளக்குதான் என்கிறாள் அம்மா. அதே குப்பி உனக்கு ஏன் உதவவில்லை? கிணற்றுக்குள்ளேயே நேரம் தப்பிவிட்டதா? டாக்டரைக் கேட்க வாயெடுத்தேன், பயந்து மூடிக்கொண்டேன். நீயாவது சொல்லேன்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்தக் கிணற்றிலும் சேற்றை மேலிருந்தே கழியால் கலக்கிவிட்டு, அதன் பிறகு விளக்கை இறக்குவேன். கீழே ஆள் இருக்கும்வரை அவன் பக்கத்திலேயே அது தொங்கும். அது துடித்தால், அவன் கூப்பிடும்வரை காத்திருக்காமல் கயிற்றை இழுப்பேன்.

அன்று உன் பக்கத்தில் விளக்கு இல்லை. இனி இறங்குகிற எவனுக்கும் இருக்கும்.

உன் கயிற்றைப் பிடித்திருந்த மச்சான்,
அஞ்சலையின் அண்ணன்,
பாகூர்.