திட்டு விழாத காலை

என்னங்க,

பாப்பாவுக்குத் தலை பின்னப் பழகிவிட்டீர்களா? எலிவாலாக இருந்தாலும் பரவாயில்லை, சிக்கு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொற்று வார்டில் நர்ஸ்களான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிழைக்கிறவர்களைச் சாப்பிடவில்லை என்று திட்டுவோம். இனி முடியாது என்று தெரிந்தவர்களின் கையைப் பிடித்து, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்போம். மருந்து தீர்ந்த பிறகு எங்களிடம் இருப்பது அந்தப் பொய்தான்.

இப்போது நானும் அங்கேதான், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறேன். நேற்று ரொட்டியை மிச்சம் வைத்ததற்குப் பெரிய சிஸ்டர் என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். கேட்கத் தெம்பாக இருந்தது.

இன்று காலையும் ரொட்டி அப்படியே கிடந்தது. அவர் திட்டவில்லை. கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்டி" என்றார்.

பாப்பா கேட்டால், அம்மா நாளைக்கு வருவாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி