செல்வி சொன்ன வயர்

வியாழன், இரவு.

காலையில் தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுச் செல்விக்குப் பிரசவ வலி. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் பழைய வேனில் ஏற்றினோம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டுமே வந்தது.

"பேட்டரி செத்துருச்சு, தள்ளத்தான் வேணும்" என்று அவள் கணவனிடம் சொன்னேன்.

பின்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த செல்வி, "லைட்டு நல்லா எரியுதே அண்ணே! ஸ்டார்ட்டர் வயரப் பாருங்க" என்றாள். அவள் அப்பா தோட்டத்து லொறி டிரைவர்.

குனிந்து பார்த்தேன். வயர் முனை பச்சைக் களிம்பு பூத்துத் தளர்ந்திருந்தது. கழற்றிச் சுரண்டி இறுக்கினேன். வேன் உடனே கிளம்பியது.

மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம். கணவன் போனில் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தான். தள்ளிக்கொண்டே நின்றிருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது. நாளை பார்க்கப் போகும்போது அந்த நன்றி அவளுக்குத்தான் என்று செல்வியிடம் சொல்லிவிட வேண்டும்.