காயாத வெட்டிவேர் சோப்பு

வியாழன், இரவு

நான் வீட்டில் செய்யும் வெட்டிவேர் சோப்பு நான்கு வாரம் காய வேண்டும். பக்கத்து வீட்டு மலர் ஆசையாகக் கேட்டாள் என்று பத்தாம் நாளே ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இன்று மாலை அதைப் போட்டுக் குளிப்பாட்டியதில் அவள் குழந்தையின் முதுகு சிவந்துபோனது. ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பையில் இருக்கும் டாக்டரிடம் ஓடினோம்.

“சோப்புல என்ன சேர்த்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

“வெட்டிவேரும் தேங்காயெண்ணெயும்தான் சார்,” என்றாள் மலர். நான்தான் அவளிடம் அப்படிச் சொல்லியிருந்தேன்.

குழந்தை வீறிட்டது. “காஸ்டிக் சோடாவும் இருக்கு சார். சோப்பு இன்னும் சரியா காயல, அந்தக் காரம் போகல,” என்றேன்.

மலர் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “ஒன்ன நம்பித்தானேக்கா கொயந்தைக்குப் போட்டேன்?”

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். திரும்பும்போது மலர் குழந்தையை என்னிடம் தரவேயில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது குழந்தை மறுபடி அழுகிறது. போய்க் கதவைத் தட்டுகிறேன். திட்டினால் திட்டட்டும்.