பஞ்சுக்கால் சிட்டு

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். பிச்சிஞ்சா மலைக்காட்டில் குளிர் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

கவலைப்படும்படி ஒன்றுமில்லை, சும்மா ஒரு சேதி. ஆண்டு முழுக்க நாங்கள் தேடிய, அழிந்துவரும் பஞ்சுக்கால் ரீங்காரச்சிட்டு நேற்று விடியற்காலையில் கிடைத்தது. ஆலங்கட்டி மழையில் நனைந்த கிளையைப் பற்றியபடி அசையாமல் இருந்தது.

"அடியே சோய்லா, காலப் பாருடி! வெள்ளப் பஞ்சு! அதேதான்!" என்று என்னோடு வேலை செய்யும் மெலானியா கத்தினாள்.

"செத்துப்போச்சுடி."

"வாயக் கழுவு. ராத்திரி குளிருக்கு இதுங்க இப்படித்தான் வெறச்சுக் கிடக்கும். வெயில் பட்டா பறந்துரும்."

மூடுபனி விலகவே இல்லை. சிட்டைக் கைக்குள் பொத்தி மாறிமாறி ஊதினோம். அலகில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தோம். மதியம் மெலானியா விரல்களை விரித்து, "உசுரு போயிருச்சு" என்றாள். அவித்த உருளைக்கிழங்கை இருவருமே தொடவில்லை.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்றாவது எழுதுங்கள். கடிதம் கொண்டுபோகும் கழுதைக்காரர் அவசரப்படுத்துகிறார்.

காட்டில் பெரும்பகுதியை மாடு மேய்க்க வெட்டிவிட்டார்கள். மிச்சத்தில் நாளையும் தேடப் போகிறோம். இன்னொன்று இருக்குமா என்று நான் கேட்கவில்லை, மெலானியாவும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
சோய்லா