பெரியவர் குடித்த பெட்ரோல்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அண்ணா அவர்களுக்குத் தங்கை பணிவுடன் வணங்கி எழுதிக்கொள்வது. தாங்கள் மறைந்து ஓராண்டுக்கும் மேலான பின்னரே இம்மடலைத் தொடங்குகிறேன். காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். சொல்லத் தக்க செய்தி இல்லாமல் நான் தாளைக் கையில் எடுப்பதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. இன்று காலை அத்தகைய செய்தி ஒன்று தானாகவே தெருவில் வந்தது.

துறைமுகத்தை ஒட்டிய சாலையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பழக்கமான பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. திரும்பினால், மாட்டு வண்டி ஒன்று நம் பெரியவரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறது! முன்விளக்குகளில் ஒன்று இல்லை. தாங்கள் விடியுமுன் எழுந்து துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்த கறுப்பு மேனி முழுவதும் வெளிறிப் போயிருந்தது. இடப்பக்கத்து மட்கார்டில் இருந்த நசுங்கல் மட்டும் அப்படியே இருந்தது.

"ஒதுங்கிக்கங்க அக்கா! இது நிக்கச் சொன்னா நிக்காது!" என்று வண்டிக்காரர் கூவினார்.

"அது எனக்குத் தெரியும்" என்றேன். நெடுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன், அண்ணா. மீன்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பெரியவர் நம்மிடம் வந்து சேர்ந்த நாள் தங்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் விலை விழுந்து தோட்டத்துத் துரைமார்கள் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களில் ஒருவர் தம் மோட்டாரைக் கிடைத்த விலைக்கு விட்டுச் சென்றார். பன்னிரண்டு சிலிண்டர்கள் கொண்ட அந்தப் பேருருவத்தைத் தாங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, சீனக் கடைக்காரர்களும் எழுந்து வந்து பார்த்தனர். நமக்குச் சோறு போட்டுவந்த வாடகை மோட்டார் அதன் பக்கத்தில் கோழிக்குஞ்சு போல நின்றது. அன்று முதல் அது சின்னவன், இது பெரியவர். "மரியாதையா கூப்பிடு தங்கச்சி. இது காடி இல்ல, அரண்மனை" என்றீர்கள்.

அரண்மனைக்கு ஆகும் செலவை நான் விரைவில் கண்டுகொண்டேன். பயணத்திற்கு முன்னும் பின்னும் பெட்ரோல் தொட்டிக்குள் தாங்கள் விட்டு எடுக்கும் மூங்கில் கோல் ஒன்று இருந்ததே, அது பொய் சொல்லாது. மலைக்கு அப்பால் இருக்கும் பாலிக் புலாவ் வரை போய்வந்தால் சின்னவனின் ஈரக்கோடு இரண்டு விரல் இறங்கும். பெரியவர் இப்பக்கத்து அடிவாரமான ஆயர் ஈத்தாம் சந்தையைத் தொடுவதற்குள் அதைக் குடித்துவிடுவார். சின்னவனுக்கு மூலைக்கடையில் டயர் கிடைக்கும். பெரியவரின் டயர் சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். அதைக் கேட்டு எழுதும் மடல்களை நானே இயற்றினேன். பள்ளிக்கூடப் படியை மிதியாமல், பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள்களைக் கொண்டே எழுத்துக் கற்றவள் நான். என் நடையில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. தாங்களோ கேட்டுவிட்டுச் சிரிப்பீர்கள். "ஒன் தமிழும் பெரியவரும் ஒண்ணு தங்கச்சி. பாக்க நல்லாருக்கு, போய்ச்சேர நேரமாவுது. கடைசில 'சீக்கிரம் பதில் போடு'ன்னு ஒரு வரி எழுது, போதும்."

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டே பெரியவரைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்பினீர்கள். கல்யாணமோ மாதம் ஒன்று வந்தால் அதிகம். அவர் குடித்ததையெல்லாம் சின்னவனே ஓடி ஓடிச் சம்பாதித்தான். ஒருநாள் சாப்பிடும்போது, தலை நிமிராமலே சொன்னீர்கள்.

"சின்னவன வித்துடலாம்னு இருக்கேன். ஒரு வருஷத்துக்குப் பெரியவருக்கு எண்ணெ ஆச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கல்யாணம் கூடும்லா."

"இந்த ஊருல எல்லாரும் வருஷம் பூரா கல்யாணம் கட்டிக்கிட்டே இருப்பாங்களா அண்ணே?"

அக்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னவனை விலைக்கு வாங்கி ஓட்டிச் செல்வார் என்று முடிவாயிற்று. சின்னவன் போனால் நம் அடுப்பும் அவனோடு போகும் என்பது எனக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. கணவரை இழந்து தங்களிடம் வந்து சேர்ந்தவள் நான். எனக்கும் வேறு வாசல் இல்லை.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. பாலிக் புலாவில் இருந்த கத்தோலிக்க வாத்தியார் ஒருவர், தம் மகளைக் கல்யாணத்துக்காகப் பட்டணத்துக் கோயிலுக்கு அழைத்துவரப் பெரியவரைக் கேட்டிருந்தார். பெண்ணுக்குத் துணையாக நானும் வந்தேன்.

"காடி பெருசா இருக்கே அண்ணே, வாடகையும் பெருசோ?" என்றார் வாத்தியார், ஏறும்போதே.

"வாடகை சின்னதுதான் வாத்தியாரே. இவருக்கு வயிறுதான் பெருசு!"

மலையேறி முடித்ததும் ஆயர் ஈத்தாம் பக்கத்து இறக்கம் தொடங்கியது. அப்போது தாங்கள் கியரை விடுவித்து, சாவியைத் திருப்பி, இன்ஜினை நிறுத்தினீர்கள். சின்னவனை எத்தனையோ முறை அப்படித்தான் இறக்கியிருக்கிறீர்கள். பட்டணத்து வாடகை மோட்டார்க்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான் எண்ணெயை மிச்சம் பிடித்தார்கள். "இறக்கத்துல எதுக்கு எண்ணெ? சும்மாவே போவுது" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

முதல் வளைவு நன்றாகவே கழிந்தது. இரண்டாவதில் பிரேக்கை மிதித்தீர்கள். கால் கல்லை மிதித்தது போல நின்றுவிட்டது. இரண்டு கால்களாலும் எழுந்து மிதித்தீர்கள். தங்கள் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். காற்றின் இரைச்சல் தவிர வேறு ஓசையே இல்லை. அவ்வளவு கனமான பொருள் அவ்வளவு மௌனமாக ஓடுவதைப் போல அச்சம் தருவது வேறொன்றில்லை, அண்ணா.

"தங்கச்சி, கைப்பிரேக்க இழு!"

இரு கைகளாலும் இழுத்தேன். தாங்கள் பள்ளத்துப் பக்கம் ஒருமுறைகூடப் பாராமல் மலைப்பக்கமாகவே ஸ்டீரிங்கை வளைத்தீர்கள். இடப்பக்க மட்கார்டு செம்மண் மேட்டைக் கீறிக்கொண்டே போய், ஒரு குலுக்கலோடு நின்றது.

பின்னால் முகத்திரைக்குள் இருந்த பெண்தான் முதலில் வாய் திறந்தாள்.

"கோயில் வந்துருச்சாண்ணே?"

தாங்கள் ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தீர்கள். வாத்தியார் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசி முடித்துத் தாமும் சிரித்தார். தாங்கள் இன்ஜினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துச் சோதித்தீர்கள். அது பஞ்சு போல இறங்கியது. பெரியவரின் பிரேக்குக்குப் பலமே ஓடும் இன்ஜினிலிருந்துதான் வருகிறது, நிறுத்தினால் அந்தப் பலமும் நின்றுவிடும் என்பதைப் பட்டறைக்காரர் பிறகு விளக்கினார். சின்னவனுக்கோ தங்கள் காலே பிரேக்.

மீதி இறக்கம் முழுவதும் முதல் கியரில், இன்ஜின் உறும உறும, நத்தை போல இறங்கினோம். எவ்வளவு எண்ணெய் போயிற்றோ தெரியாது. அன்று தாங்கள் மூங்கில் கோலைத் தொடவே இல்லை.

கோயிலுக்குள் தாலி கட்டி முடிந்து பாட்டு எழுந்தபோது, நாம் வெளியே நிழலில் நின்றோம். நசுங்கலைத் தடவியபடியே சொன்னீர்கள்: "சின்னவன விக்க வேணாம். நாளைக்கு அந்த ஆளு வந்தா இவரக் காட்டுவோம்."

"மனசு வருமா அண்ணே?"

"எண்ணெய மிச்சம் பிடிச்சு ஓட்டுறவனுக்கு இவரு ஒத்துவர மாட்டாரு. இவர எண்ணெயப் பத்திக் கவலையே இல்லாத ஆளுதான் ஓட்டணும். நான் அந்த ஆளு இல்லலா."

தோற்றவரின் குரலாக அது இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவரின் குரலாக இருந்தது. மறுநாள் பட்டர்வொர்த்காரர் கேட்ட விலைக்கே பெரியவரைக் கொடுத்தீர்கள். அன்றிரவு நாம் இருவரும் வயிறார உண்டோம்.

அந்த வளைவில் போயிருக்க வேண்டிய தாங்கள், பல்லாண்டு கழித்துக் காய்ச்சல் கண்டு, சொந்தக் கட்டிலில், என் கையால் கஞ்சி குடித்த பிறகே கண்மூடினீர்கள். அழுதேன் என்பது மெய். ஆயினும் அந்த அழுகையின் அடியில் ஓர் ஆறுதல் இருந்தது. இன்று கயிற்றில் போன பெரியவரைப் பார்த்தபோது அதுவே சிரிப்பாக வெளிவந்தது.

சின்னவன் இன்னும் ஓடுகிறான். சம்பளத்துக்கு ஒரு டிரைவர் இருக்கிறார். இறக்கத்தில் இன்ஜினை நிறுத்துவதற்கு அவருக்கு அனுமதி இல்லை. "சின்னதுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா, எண்ணெதான் வீணாவுது" என்கிறார். ஆகட்டும் என்கிறேன். ஒரு சொட்டுக்கும் கணக்குக் கேட்கும் நான், அந்த இன்ஜின் சத்தத்திற்கு மட்டும் முகம் சுளிக்காமல் செலவழிக்கிறேன்.

அவர் இப்போது தங்கள் மூங்கில் கோலைக் கேட்கிறார். அது சமையலறை மூலையில் இருக்கிறது, வாடையும் போகவில்லை. கொடுத்துவிடட்டுமா, நானே வைத்துக்கொள்ளட்டுமா?

சீக்கிரம் பதில் போடவும்.