வரும்போது போக வேண்டும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் இல்லை.

நாத்தனார் விடிந்ததும் விடியாததுமாகக் குரல் செய்தி அனுப்பிவிட்டாள். "அண்ணி, ஆளிவிதைய ராத்திரியே ஊறப்போட்டு காலைல வெறும் வயித்துல குடிங்க. எனக்கெல்லாம் மணி அடிச்ச மாதிரி ஆயிடுது." அவள் வயிற்றின் ஒழுங்கை யார் கேட்டார்கள்? போன வாரம் அத்திப்பழம். அதற்கு முன்னால் உலர்திராட்சை, பப்பாளி, எலுமிச்சை பிழிந்த வெந்நீர். சமையலறை அலமாரியில் இப்போது ஒரு நாட்டு மருந்துக் கடையே இருக்கிறது, வியாபாரம்தான் நடக்கவில்லை. ஊறிய ஆளிவிதை சளி மாதிரி இழைகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அதுவும் உள்ளே போய், ஏற்கெனவே இருப்பவர்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொண்டது.

இவர் வழக்கம்போல் போனை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனார். வீட்டில் இருப்பதே ஒன்று. அதில் மனிதர் தனிக்குடித்தனம் நடத்துகிறார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வேறு. அப்படி என்ன வேடிக்கை அங்கே? அவர் வெளியே வந்தபோது எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

பதினோரு வருடமாகக் கோர்ட்டில் வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் தட்டச்சு செய்கிறேன். மனிதப் பேச்சில் எவ்வளவு சக்கை என்று என் விரல்களுக்குத் தெரியும். வாய்ப்பந்தல் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் வக்கீல் இன்று ஒரே கேள்வியைச் சட்டை மாற்றிச் சட்டை மாற்றிக் கேட்டார். "நான் உங்ககிட்ட என்ன கேக்க விரும்புறேன்னா..." கேளேன் ஐயா. விரும்பிக்கொண்டே இருந்தால் எப்படி?

காலை அமர்வு சூடுபிடிக்கும் நேரத்தில் வயிறு கூப்பிட்டது. தினமும் அந்த நேரத்தில்தான் கூப்பிடும். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தேன். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் ஆளில்லை என்று திரும்பும் தபால்காரர் மாதிரி அது போய்விட்டது. மதிய இடைவேளையில் போய் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை.

நீதிபதி ஐயா மேடையில் இருக்கும்போது நடுவில் எழுந்திருக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த பெரியவர் சொன்னது. "இங்க யாரும் நடுவுல எழுந்திருக்கிற வழக்கமில்லம்மா, உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான்." ஆனால் ஐயா எழுந்திருக்கலாம். அவர் அறைக்குள்ளேயே அவருக்கென்று கழிவறை உண்டு. சர்க்கரை வியாதி, அடிக்கடி போவார். அவர் எழுந்ததும் கோர்ட்டே எழுந்து கைகட்டி நிற்கும். ஒரு மனிதர் சிறுநீர் கழிக்கப் போவதற்கு இத்தனை படித்தவர்கள் மரியாதை செய்வதை வேறெங்கும் பார்க்க முடியாது. பெண்களுக்கான கழிவறை கட்டடத்தின் மறுகோடியில். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார்.

ஜூன் 8, ஞாயிறு

விளக்கெண்ணெய். நாத்தனாரின் கடைசி ஆயுதம்.

விடுமுறை நாள் என்பதால் துணிந்து குடித்தேன். காலை முழுவதும் ஓட்டம்தான். வீட்டுச் சரித்திரத்தில் முதல் முறையாக இவர் கதவுக்கு வெளியே நின்றார். "இன்னும் எவ்வளவு நேரம்?" கேட்கிற ஆளைப் பாருங்கள். மத்தியானம் துவைத்துப் பிழிந்த துணியாகப் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டு, "பாத்தீங்களா, இயற்கைதான் அண்ணி எல்லாம்" என்றாள். இயற்கைக்கு அவள்தான் ஏஜென்ட்.

ஜூன் 11, புதன்

ஞாயிற்றுக்கிழமை ஓடியதற்குக் குடல் இன்னும் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஜூன் 14, சனி

இன்று ரத்தம்.

கொஞ்சம்தான். ஆனால் ரத்தம். வலி உயிர் போகிறது. பிளேடால் கீறிய மாதிரி. உட்கார்ந்தால் எரிகிறது, நின்றால் காலெல்லாம் வெலவெலத்துப் போகிறது.

பயமா இருக்கு. வேற ஏதாவது பெரிசா இருந்தா? யார்கிட்ட போய் இதச் சொல்றது? காய்ச்சல்னா ஊரைக் கூட்டிச் சொல்லலாம். இதச் சொன்னா மூஞ்சியச் சுளிப்பாங்க, இல்லன்னா வாழைப்பழம்பாங்க.

இவரிடம் சொன்னேன். போனிலிருந்து தலையெடுக்காமல், "காரத்தக் கொறச்சுக்கோ" என்றார். இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததில் எனக்குக் கிடைத்தது இந்த இரண்டு வார்த்தை அக்கறை.

ஜூன் 17, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனேன். சின்னப் பெண். எனக்கு ஒரு தங்கை பிறந்திருந்தால் அவளுக்கும் தங்கையாக இருப்பாள். இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்போடுதான் உட்கார்ந்தேன்.

"என்னெல்லாம் பண்ணிப் பாத்தீங்க?" என்றாள். விதை, பழம், எண்ணெய், வெந்நீர் என்று ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பரிசோதித்தாள். அதை எழுத வேண்டாம்.

"கிழிசல் இருக்கு. வேற பயப்படுற மாதிரி ஒண்ணும் தெரியல. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"காலைல ஒரு டம்ளர். அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

"நடுவுல?"

"குடிச்சா போகணுமே."

பேனாவைக் கீழே வைத்தாள். "வயிறு கூப்பிடும்போது போவீங்களா?"

கோர்ட் நடக்கும்போது எழுந்திருக்க முடியாது என்றேன். எத்தனை வருடமாக என்றாள். சொன்னேன். அவள் முகத்தில் பரிதாபம் தெரிந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"வராத வராதன்னு நீங்களே அதப் பழக்கி வச்சிருக்கீங்க. பழம், விதை எல்லாம் நல்லதுதான், குடிங்க. ஆனா தண்ணி இல்லாம வெறும் விதையத் தின்னா அது இன்னும் அடச்சுக்கும். காலைல சாப்பிட்டதும் குடல் முழிச்சுக்கும், அப்ப போய் உட்காருங்க. காலுக்கு அடியில ஒரு முக்காலி வச்சுக்கங்க. முக்காதீங்க. மத்த நேரம் எப்பக் கூப்பிட்டாலும் எழுந்து போங்க. இப்ப இது தானா ஆறும். இப்படியே விட்டீங்கன்னா ஆபரேஷன்ல போய் நிக்கும்."

இதைச் சொல்லவா இத்தனை வருடம் படித்தாள்? மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்கிற புத்திமதி. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தாள். வழியெல்லாம் எரிச்சலாக வந்தேன். எழுந்து போங்களாம். இவள் வந்து ஒரு நாள் எங்கள் கோர்ட்டில் எழுந்து பார்க்கட்டும்.

ஜூன் 18, புதன்

சாப்பிட்டு முடித்ததும் கழிவறைக்குப் போனேன். இவர் உள்ளே.

தட்டினேன். "ரெண்டு நிமிஷம்." நின்றேன். மறுபடி தட்டினேன். "அதான் சொல்றேன்ல."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ரத்தம் வந்த ஆளு வெளிய நிக்கிறேன். வீடியோ பாக்குற ஆளு உள்ள உட்கார்ந்திருக்கீங்க. எது அவசரம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

வெளியே வந்தார். போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நெஜமாவே ரத்தமா?" என்றார். சனிக்கிழமை சொன்னது இன்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முக்காலிக்குப் பதிலாகப் பழைய சட்டப் புத்தகங்களைக் கட்டி வைத்துக் கால் வைத்தேன். சட்டம் எனக்கு உபயோகப்பட்டது இதுதான் முதல் தடவை. ஒன்றும் வரவில்லை. ஆனாலும் ஆற அமர உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 23, திங்கள்

தண்ணீர் குடித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். கூப்பிட்டது. நாற்காலியை நகர்த்தி, பாதி எழுந்தேன். ஐயா திரும்பினார். உடனே குனிந்து கம்ப்யூட்டர் ஒயரைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்து உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் எல்லோரையும் ஏளனம் செய்கிறேன். என்னைப் போல ஒரு தொடைநடுங்கியை நான் பார்த்ததில்லை.

ஜூன் 27, வெள்ளி

மறுபடி ரத்தம். ஆபரேஷன் என்ற வார்த்தை நாள் முழுவதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கத்தியை வைத்து அறுத்தாலும் அறுத்துக்கொள்வேன், எழுந்து நிற்க மாட்டேன் என்றால் நான் என்ன பிறவி?

ஜூலை 1, செவ்வாய்

எழுந்துவிட்டேன்.

வாய்ப்பந்தல் விரும்பிக்கொண்டிருந்தார். வயிறு கூப்பிட்டது. விரலை எடுத்தேன், எழுந்தேன், நின்றேன். காது இரண்டும் அடைத்துக்கொண்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னம்மா?" என்றார் ஐயா.

"வெளிய போகணும் ஐயா."

"போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். வாய்ப்பந்தல் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். நீளமான வராந்தாவில் நடந்து போனேன். போய் உட்கார்ந்தால், வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுகைகூட இல்லை, ஆத்திரம். இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம்?

ஜூலை 2, புதன்

பெஞ்ச் கிளார்க் டீ குடிக்கும்போது பிடித்துக்கொண்டான். "நேத்து என்னக்கா, நடுங்கிட்டே நின்னீங்க? நான் மயக்கம் வருதோன்னு நினைச்சேன்."

நடுவில் எழுந்திருக்கக் கூடாதல்லவா என்றேன்.

"யாரு சொன்னது?"

பெரியவரைச் சொன்னேன். அவனுக்கு டீ புரையேறியது. "அவரா? அவருக்கு ரெண்டு முட்டியும் போயிருந்துச்சுக்கா. எழுந்தா உட்கார முடியாது, உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. அப்ப இருந்த ஐயா வரும்போதுகூட அவர மட்டும் உட்கார்ந்துக்கச் சொல்லியிருந்தாங்க. எழுந்து போக வெக்கப்பட்டுக்கிட்டு வழக்கமில்ல வழக்கமில்லன்னு சொல்லிக்கிட்டிருப்பாரு."

யாரோ ஒருவரின் முட்டிவலிக்கு நான் என் குடலைக் கொடுத்திருக்கிறேன். எத்தனை நீதிபதிகள் மாறிப் போனார்கள். ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேள்வியும் பதிலும் அடித்துக் கொடுத்தவள், எனக்கென்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இவனாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். இவன் மட்டும் என்ன கண்டான், எனக்கு வயிறே கிடையாது என்று நினைத்திருப்பான்.

ஜூலை 9, புதன்

இன்று ஆயிற்று. வீட்டில், காலையில், வலி இல்லாமல். நேற்றும்.

நாத்தனாருக்குத் தெரிந்துவிட்டது. இவர்தான் சொல்லியிருப்பார். "ஆளிவிதைதான் அண்ணி, நான்தான் அப்பவே சொன்னேனே." சொல்லிக்கொள்ளட்டும். விதையை நான் நிறுத்தவில்லை என்பதை அவளுக்குச் சொல்லப் போவதில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இவர் இப்போது ஹாலில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார். அங்கேயும் அதே சிரிப்புத்தான்.

ஜூலை 22, செவ்வாய்

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கிழவரைப் படியிலிருந்து தள்ளிவிட்ட வழக்கு. தள்ளியவன் என்று போலீஸ் சொல்கிற ஆள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றான். பார்த்த சாட்சி ஒருத்திதான். அங்கே படி துடைக்கிறவள். ஐம்பது வயதிருக்கும். காலையிலிருந்து வராந்தாவில் காத்திருந்து, மதியத்துக்குச் சற்று முன்தான் கூண்டில் ஏறினாள்.

முதலில் நன்றாகத்தான் சொன்னாள். வெளிச்சம் இருந்ததா? இருந்துச்சுங்க. எவ்வளவு தூரம்? ரெண்டு படி கீழ நின்னேங்க. நல்ல சட்டைக்காரனுக்காக வந்திருந்த வாய்ப்பந்தல் எவ்வளவு இழுத்தும் அவள் இம்மி நகரவில்லை. எனக்கே அவளைப் பிடித்துப் போயிற்று.

அரை மணி ஆகியிருக்கும். பதில்கள் சுருங்க ஆரம்பித்தன. "அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்ல, இல்லையா?" "ஆமாங்க." "படியில ஈரம் இருந்துச்சு, அந்தப் பெரியவர் தானாகவே வழுக்கியிருக்கலாம்?" "ஆமாங்க." எல்லாவற்றுக்கும் ஆமாங்க. வாய்ப்பந்தல் முகத்தில் வெற்றிக்களை. தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டார், மடையர்.

நான் திரையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். கூண்டின் கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். முழங்கால்கள் ஒட்டியிருந்தன. உதட்டைக் கடித்துக்கொண்டு, எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குத் தெரியும். அவள் கேள்வியைக் காதில் வாங்கவே இல்லை. எப்படியாவது முடிந்தால் போதும் அவளுக்கு.

"அப்ப, தள்ளினது இவருதான்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியாது. அப்படித்தானே?"

அவள் வாயைத் திறந்தாள். நான் விரல்களை எடுத்துவிட்டு எழுந்தேன்.

"ஐயா."

"போயிட்டு வாங்கம்மா."

"எனக்கில்ல ஐயா. சாட்சிக்கு."

வாய்ப்பந்தல் துள்ளினார். குறுக்கு விசாரணைக்கு நடுவில் தட்டச்சர் எப்படிப் பேசலாம், இது என்ன நடைமுறை, இத்யாதி. ஐயா அவரைக் கையமர்த்திவிட்டுக் கூண்டைப் பார்த்தார். "ஏம்மா, வெளிய போகணுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாங்க."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாமான்னு தெரியலைங்க."

என்னையே கூட்டிக்கொண்டு போகச் சொன்னார், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்ற எச்சரிக்கையோடு. பேச என்ன இருக்கிறது? வராந்தா முழுக்க இருவரும் வேகமாக நடந்தோம். அவள் உள்ளே போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவசரப்படுத்தவில்லை.

திரும்பி வந்து கூண்டில் ஏறினாள். கைப்பிடியைப் பிடிக்காமல் நின்றாள். ஐயா என்னிடம், "கடைசிக் கேள்வியைப் படிங்க" என்றார். படித்தேன்.

"முடியுங்க" என்றாள். "இவருதான் தள்ளினாரு. முன்னாடி ஆமா ஆமான்னு சொன்னதையும் திரும்பக் கேளுங்க, இப்பச் சொல்றேன்."

அப்படியே அடித்தேன்.