வாய்க்காலை விட்டுவிட்டு விஸ்கியைச் சொன்னவருக்கு

இன்று காலை மீன் வெட்டும்போது முள் விரலில் ஏறிவிட்டது. அலுமாரியில் கிடந்த அயடீன் போத்தலைத் திறந்தேன். அந்த மணம் மூக்கில் பட்டதும் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. செத்துப்போன மனுசனோடும் சண்டையா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். இதை எழுதி முடித்துவிட்டுத்தான் இன்றைக்கு அடுப்பைப் பார்ப்பேன்.

ஐலாத் தீவு விஸ்கியை நீங்கள் முதன்முதலில் ஊற்றித் தந்தபோது, ஆஸ்பத்திரி மணக்கிறது என்று கிளாஸைத் தள்ளி வைத்தேன். நீங்கள் கப்பலில் சமையல்காரராக இருந்த காலம் அது. மற்ற ஆட்கள் லீவில் வரும்போது டீவியும் சவர்க்காரமும் கொண்டுவருவார்கள். நீங்கள் ஸ்கொட்லாந்துத் தீவுகளின் சிங்கிள் மோல்ட் போத்தல் ஒன்றைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வருவீர்கள். அந்தத் தீவில் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள், அந்தப் புகையில்தான் பார்லி உலரும் என்று விளக்கம் வேறு. "குடிச்சிராத. முதல்ல மணந்து பார், என்ன வருதெண்டு சொல்லு" என்றீர்கள். அயடீன் என்றேன். மழைக்குப் பிறகு கருவாடு காயப்போடும் வாடி என்றேன். சிரட்டைக்கரி சுடுகிற குழி என்றேன். உங்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருசம் குடித்தும் அந்தக் கருவாடு எனக்குப் பிடிபடவில்லையே என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்து வந்தால், கறி அடுப்பில் கிடக்க, பின் கதவைச் சாத்திவிட்டு நமக்கு இரண்டு கிளாஸ். அடியில் விரல் கனத்துக்கு விஸ்கி, தேக்கரண்டியால் சில துளி தண்ணீர். ஐஸ் கேட்டால் உங்களுக்குப் பொல்லாத கோபம் வரும். ஸ்கை தீவினது தொண்டையில் மிளகாகக் கடிக்கும். ஓர்க்னித் தீவினது இறங்கிப்போன பிறகு மெல்லத் தேன் வரும். ஒரு கிளாஸோடு போத்தலை மூடிவிடுவீர்கள். அடுத்த கிளாஸில் நாக்குக்கு வேலை இல்லை என்பீர்கள். ஒரு போத்தல் மாதக்கணக்கில் கிடக்கும். பெண்பிள்ளை குடிக்கிறாள் என்றால் என்ன கதை வரும் என்று நமக்குத் தெரியும். தலவில தேவாலயத் திருநாளுக்குச் சொந்தக்காரர் வந்து தங்கினால் உங்கள் கிளாஸ் மேசையில் இருக்கும், என்னுடையது அரிசிப் பெட்டிக்குள் போய்விடும்.

கப்பலை விட்ட பிறகு முந்தலில் ஹாஜியாரின் இறால் பண்ணையைப் பார்த்துக்கொள்ளப் போனீர்கள். மழைக்கு அடைத்துக்கொண்ட வாய்க்காலில், காலில் வெட்டுக்காயத்தோடு, இன்னும் இரண்டு பேருடன் இறங்கினீர்கள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சில நாளில் காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, பிறகு கண் மஞ்சளித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். வார்ட்டில் நர்ஸ் மிஸ்ஸி உங்கள் கண்ணைப் பார்த்துவிட்டு, குடிக்கிறதோ என்று கேட்டார்.

இந்த இடத்தை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதுவரை வாய் உலர்ந்து சுருண்டு கிடந்தவர் எழும்பி உட்கார்ந்தீர்கள். "ஓம் மிஸ்ஸி, ஸ்கொச். அதிலயும் தீவுச் சாமான்தான்" என்று தொடங்கி, புகை, பீப்பாய், கடல் காற்று என்று ஒரு கப்பலே ஓட்டினீர்கள். ஊரில் ஒருவரும் உங்களிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் அந்த மிஸ்ஸி, அதுவும் எந்த நேரத்தில். ஞாயிறுக்கு ஒரு கிளாஸ் என்று சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை. வாய்க்காலைச் சொல்லவும் தோன்றவில்லை. இவ்வளவு கெட்டிக்காரருக்கு இந்த அறிவு இல்லாமல் போயிற்றே.

நான் சொன்னேன். வாய்க்கால், காயம், பண்ணையில் எலி ஓடுவது எல்லாம் சொன்னேன். "குடிகாரர்ர பொஞ்சாதிமார் எல்லாரும் இப்பிடித்தான் அக்கா ஏதாவது சொல்றது" என்றார் மிஸ்ஸி, தலையைத் தூக்காமலே. டொக்டர் வந்ததும் குடியில் ஈரல் போன ஆள் என்றுதான் அவருக்கும் சொன்னார்கள். பிறகு இரத்தம் சோதித்து, எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் தொற்றுகிற எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது உங்கள் சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. உங்களோடு வாய்க்காலில் இறங்கிய இருவருக்கும் அதே காய்ச்சல்தான். குடிப்பதில்லை என்றார்கள். அப்படியென்றால் எங்கே வேலை செய்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டிருக்கிறார்கள். நேரத்துக்கு மருந்து கிடைத்தது, இருவரும் இன்றைக்கும் பண்ணைக்குப் போகிறார்கள். உங்களிடம் அந்த அடுத்த கேள்வியைக் கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நீங்கள் போன முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு ஊரே வந்திருந்தது. உங்கள் தம்பி அலுமாரியைத் திறந்து, மிச்சமிருந்த மூன்று போத்தலையும் முற்றத்துக்குத் தூக்கி வந்தார். அண்ணனைத் தின்ற சனியன் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, முதல் போத்தலை மணலில் கவிழ்த்தார். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, இனியாவது நிம்மதியாக இரு என்றார்கள். என்னை ஒருநாளும் ஒரு சுடுசொல் சொல்லாத மனுசனை இழந்துவிட்டு நான் நிம்மதியாக இருக்க வேண்டுமாம். ஹாஜியார் மட்டும் எழுந்தார். ஒரு சொட்டும் தொட்டறியாத மனுசன். "தம்பி, அவர் மவுத்தானது எலிக்காய்ச்சல்ல. எங்கட வாய்க்கால்ல வந்தது. குடியில இல்ல" என்றார். ஹாஜியாருக்கு நல்ல மனசு, செத்தவரை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டே உங்கள் தம்பி அடுத்த போத்தலின் மூடியில் கை வைத்தார்.

அது ஐலா. அவர் கையிலிருந்து பறித்தேன். மேசையில் கிடந்த கிளாஸைக் கழுவி, விரல் கனத்துக்கு ஊற்றி, தண்ணீர் சொட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போல அவசரமில்லாமல் மணந்தேன்.

"நானும் இவரோட குடிச்சனான். ஒவ்வொரு ஞாயிறும், இதே போத்தல், இதே அளவு. எல்லாரும் வந்து என்ர கண்ணைப் பாருங்கோ. மஞ்சளாக் கிடக்கோ?"

ஒருவரும் கிட்ட வரவில்லை. நான் குடித்தேன்.

அதோடு உங்கள் தம்பி நம் வீட்டுப் படலையைத் திறந்து வருவதில்லை. கோயிலில் பூ வைக்க என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கடையில் பாண் வாங்க நின்றால் முதுகுக்குப் பின்னால் குசுகுசு என்று கதை. உங்கள் மேல் இருக்கும் கோபம் எனக்குத் தீரவில்லை, தீருமென்றும் நினைக்கவில்லை. அந்த வார்ட்டின் மேல் இருப்பதும் அப்படியே. எலிக்காய்ச்சல் என்ற சொல்லை ஊர் இன்னும் வாயில் எடுக்கவில்லை. ஆனால் உங்களைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டு என்னைப் பாவம் என்று சொல்ல இனி யாராலும் முடியாது. சொல்வதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.